வாடிக்கு ஒன்று

ஒக்டோபர், புதன். இஷா தொழுகைக்குப் பிறகு.

மேற்கே வயல்வெளிக்கு மேல் சத்தமில்லாமல் மின்னுகிறது. இடி இன்னும் கல்முனைக்கு வந்து சேரவில்லை.

முன்பெல்லாம் என் கடையில், மின்னலிலிருந்து கரண்ட் சாமான்களைக் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் தூசி பிடித்துக் கிடக்கும். இப்போது கூரைக்குக் கூரை சோலார். இடி முழங்கிய மறுநாளே பெட்டிகள் தீர்ந்துவிடுகின்றன. "வியாபாரம் இன்னும் நல்லா ஏறும், கூட எடுங்க" என்கிறார் கொழும்பு ஏஜென்ட். மின்னலைக் கண்டால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். யாரிடமும் சொன்னதில்லை.

இன்று பின்னேரம் ஒரு ராத்தா ஃப்ரிஜுக்கு ஒன்று வாங்கினார். வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"தம்பி, வயல் வாடிக்குப் பூட்டுற மாதிரி ஒண்டு இல்லையா?"

"வாடிக் குடிசையில கரண்டே இல்லையே, ராத்தா."

"கரண்ட் இல்லதான். யானைக் காவலுக்கு என்ட மனிசன் அங்கதானே படுக்கார்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வானம் பால் ஊற்றியதுபோல் வெளுத்து வெளுத்து அணைகிறது. இடியும் கேட்கத் தொடங்கிவிட்டது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். முதலில் பன்னிரண்டு வரை எண்ண முடிந்தது. பிறகு எட்டு. வயலைத் தாண்டித்தான் ஊருக்குள் வருகிறது.

இப்போது நாலுதான். அந்த வாடி எந்த வயல் கண்டத்தில் என்றுகூட நான் கேட்கவில்லை.