மரை போடாத பைப்

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

இங்கே கடையில வியாபாரம் அமோகம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். இந்த ஊர்க்காரங்க வந்து இரும்பு பைப்பைக் கை நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்றாங்க. முனையில திருகு மரை போடட்டுமான்னு கேட்டா வேண்டாங்கிறாங்க. நீங்க காலமெல்லாம் பைப் வேலை பார்த்தவர். மரை இல்லாத பைப்பை எதுல மாட்டுறது, சொல்லுங்க?

முன்னெல்லாம் என்னோட நின்னு பேசுவாங்க. இப்போ தெருவுல பாதி நம்ம ஊர்லேருந்து வந்த ஆளுங்க. வாடகை ஏறிப்போச்சு, தண்ணி பத்தலை, பள்ளிக்கூடத்துல அவங்க பிள்ளைங்களுக்கே இடமில்லை. "இன்னும் எத்தனை பேர்ப்பா வருவீங்க?"ன்னு பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார்.

தம்பியை இப்போ அனுப்ப வேண்டாம். அறை சின்னது, வேற ஒண்ணுமில்லை. எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்புங்க. போன்ல வேண்டாம், கையில வச்சுப் பார்க்கிற மாதிரி.

இதுக்கு மேல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க.

என்னோட தங்கியிருக்கிற நம்ம தச்சர் மாமா, அதிர்ந்துகூடப் பேசாத மனுஷர், இப்போ கடைக்கு வந்து நிக்கிறார். அவருக்கும் கை நீளத்துக்கு பைப் வேணுமாம். பழக்கத்துல, மரை போடட்டுமான்னு கேட்டுட்டேன்.

"வேண்டாம்ப்பா. உனக்கும் ஒண்ணு சேர்த்து வெட்டிக்க"ன்னார்.

காத்துக்கிட்டிருக்கார். முடிச்சுக்கிறேன்.

உங்கள் மூத்தவன்