‘மறுபடி’ என்கிற பொத்தான்

அன்புள்ள சுண்டுவுக்கு,

நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். உன் இருமல் விட்டதா என்பதுதான் இங்கே கவலை. அன்று போனில் நீ, “அப்பாவோட காதை நீங்களே அடைச்சிட்டீங்க சித்தி” என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அதோடு, கோபமாக இருப்பவளிடம் நியாயம் பேசினால் அது வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அன்று விட்டதை இப்போது எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நீ காது என்று சொன்னது அப்பாவுக்குப் பார்வை போன வருடம் நான் எழுதிய நிரலை, உனக்கே தெரியும். அப்பாவின் நண்பர்கள் குழு இருக்கிற அரட்டைத் தளத்தில் வருகிற செய்திகளைப் பெண் குரலில் வாசித்துக் காட்டும், பிறகு பார்வையில்லாத எத்தனையோ பேர் இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். யாராவது சிரிப்புப் பொம்மை அனுப்பினால் அதையும் விடாமல் “சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம்” என்று வாசிக்கும். திருத்திவிடுகிறேன் என்றேன், அப்பா விடவில்லை, ஏனென்றால் அவருடைய லேத் பட்டறை நண்பர்கள் அதற்குள் நேரில் பார்த்தாலும் சிரிக்காமல் வாயால் “சிரிக்கும் முகம்” என்று சொல்லப் பழகிவிட்டார்கள். “இந்த வீட்ல ரெண்டு பொம்பளைங்க பேசறீங்க, நிறுத்துன்னா நிறுத்தறவ அவ ஒருத்திதான்” என்று என்னிடமே சொல்லுவார்.

தளத்தை நடத்துகிற கம்பெனி கேட்டது சின்ன விஷயம் போலத்தான் இருந்தது. நிரலில் ‘மறுபடி’ என்று ஒரு பொத்தான் உண்டு, கேட்டதையே திரும்பக் கேட்பதற்கு. எந்தச் செய்தியை எத்தனை முறை மறுபடி கேட்கிறார்கள் என்ற கணக்கை அவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். சம்மதித்தால் தொடரலாம், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாம். பேசிய அதிகாரி நல்ல மாதிரிதான். “பேரு கீரு எதுவும் வேணாம் மேடம், வெறும் நம்பர்” என்றார். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “ஒருத்தருக்கு எது முக்கியம்னு தெரிஞ்சா அதுக்கேத்த விளம்பரம் காட்டலாம், அவங்களுக்கும் நல்லதுதானே” என்றார். பேர் வேண்டாம் என்றவர் அடுத்த வாக்கியத்திலேயே ‘ஒருத்தருக்கு’ என்கிறார், அது அவர் காதிலேயே விழவில்லை.

பட்டறை ஸ்பானர் மாமா இறந்த செய்தி அந்த நண்பர்கள் குழுவில்தான் வந்தது. அப்பா கூடத்தில் தனியாக இருந்தார், நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “நம்ம ஸ்பானர் காலைல போயிட்டான்” என்றது அந்தக் குரல். மறுபடி சொன்னது. மறுபடியும். தப்பாக வாசிக்கிறது என்று நினைத்தாரோ, வேறு வார்த்தை வருமென்று எதிர்பார்த்தாரோ, எனக்குத் தெரியாது. நான் அவரிடம் போகவில்லை, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கட்டின பெண்டாட்டி, எனக்கே அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கூசியது. அதை எண்ணி ஒரு கம்பெனிக்கு அனுப்புகிற வேலையை நான் எப்படி எழுதுவேன் சுண்டு? எழுதுவதற்கு நாலு வரி போதும், அதுதான் பயமாக இருந்தது.

நிரலை அந்தத் தளத்திலிருந்து எடுப்பதற்கு முன்னால் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “உன் வேலை, உன் மனசு. என் பாட்டை நான் பாத்துக்கறேன்” என்றார். நிரல் வேறு தளங்களில் ஓடுகிறது, நண்பர்களை அங்கே கூப்பிட்டுப் பார்த்தேன். அவருடைய பழைய ஃபோர்மேன், “இந்த வயசுல வீடு மாறச் சொன்னாக்கூட மாறிடுவோம்மா, குரூப் மாற முடியாது” என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? இப்போது அப்பா ரேடியோவைப் போடுகிறார், கொஞ்ச நேரத்தில் நிறுத்துகிறார், போன் அதிர்ந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். கொள்கை என்னுடையது, அதற்கு விலை கொடுப்பவர் அவர். இதைத்தான் நீயும் போனில் சொன்னாய், அதில் தப்பில்லை. ஆனாலும் அந்த நாலு வரியை என்னால் எழுத முடியாது.

மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே. இனி செய்தி அனுப்பிவிட்டு இருந்துவிடாமல் அப்பாவை நேராகக் கூப்பிடு, எனக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். வயதில் உனக்கு அக்கா மாதிரிதான் இருக்கிறேன், இருந்தாலும் ஆசி சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்: உடம்பு தேறி, மனசு நிறைந்து, நன்றாக இரு.

உன் சித்தி

பி.கு. இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் அந்தக் கம்பெனியே ஒரு வாசிப்பு நிரலைக் கொண்டுவந்துவிட்டது, எண்ணுகிற வேலையும் சேர்த்து. அது என்னென்ன செய்யும் என்று அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “போட்டுக் குடு” என்றார். நேற்று நான்தான் போட்டுக் கொடுத்தேன்.