எட்டாவது பேரிங்

அருமைப் புருஷன் எஃப்ரேனுக்கு,

என் ஸ்கேட்போர்டு சக்கரங்களோட பேரிங் எட்டையும் கழுவ நேத்து அசிட்டோன்ல ஊறப்போட்டேன். இன்னிக்கு எண்ணெய் விட எடுத்தா ஏழுதான் இருக்கு. "கை எலும்பு கூடி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள போட்டி கேக்குதா?"ன்னு கத்தினது நீ. ஒளிச்சதும் நீதான். அரை மணி நேரம் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன், இருப்புக் கொள்ளல.

சோளமாவுத் தமாலே ஃபிரிட்ஜில் இருக்கு, ஆவியில் சூடு பண்ணிக்கோ. ஜாடியில் இருக்கிறது அசிட்டோன், தண்ணின்னு குடிச்சுத் தொலைக்காதே. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார்.

நான் போட்டிக்குக் கிளம்பிட்டேன்.

யோலி

பி.கு: எட்டாவது எப்படிக் கிடைச்சதுன்னு மண்டையை உடைச்சுக்காதே. உன் போர்டுல மட்டும் ஏறாதே, முன்சக்கரத்துல ஒண்ணு குறையுது. வீட்டுல ஒரு கை உடைஞ்சது போதும்.