மூன்று நாள் மூத்திர நோட்டு

என் செல்ல ஏணிக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது, அப்பா தன் கையாலேயே எழுதுவது. நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதியது இல்லை. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகம் என்று போன வாரம் போனில் சொன்னாய், அதை மட்டும் நான் நம்பவில்லை, ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். இந்த நாலு வரிக்கே எனக்குக் காலைப்பொழுது போய்விட்டது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள், அவள் பார்த்தால் எழுத்து கோணுகிறது, அதனால் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கே மறைப்பா என்று கேட்கிறாள். அறுபத்தெட்டு வயதில் எனக்கும் ஒரு ரகசியம் வேண்டாமா.

முதலில் நல்ல சேதி. உன் அப்பா பதினோரு பக்கம் எழுதிவிட்டான். எதைப் பற்றி என்றால் என் மூத்திரத்தைப் பற்றி. சிரித்தால் சிரித்துக்கொள், நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடந்தது இதுதான். இந்த ஒரு வருடத்தில் எனக்கு நாலு தடவை நீர்க்கடுப்பு வந்தது, போகும்போது மிளகாய் அரைத்த மாதிரி எரிச்சல். முதல் மூன்று தடவையும் மருந்துக்கடைக்காரர் காதில் மெல்லச் சொல்லி மாத்திரை வாங்கினேன், மூன்றாம் நாள் எரிச்சல் நின்றதும் மிச்ச மாத்திரையை வாஷர் போட்டு வைக்கும் தகர டப்பாவில் சேர்த்துவிட்டேன். மிச்சம் என்று எதையும் எறிந்து பழக்கமில்லாத கை. நாலாம் தடவை அந்த டப்பா மாத்திரையைப் போட்டேன், எரிச்சல் போகவில்லை, குளிர்காய்ச்சலும் கூட வந்தது. உன் அம்மா, "ஊரு குழாய்க்கெல்லாம் அடைப்பு எடுக்குறீங்க, சொந்தக் குழாய்க்கு மட்டும் டப்பா வைத்தியமா, எந்திரிங்க" என்று கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விட்டாள்.

அங்கே டாக்டர் ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள். மாத்திரை தருவதற்கு முன்னால் மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பினாள். காய்ச்சல் இறங்கியதும் கட்டம் போட்ட ஒரு தாளை நீட்டி, மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனீர்கள், அளந்து எழுத வேண்டும் என்றாள். "பெரியவரே, எழுத வருமா, இல்ல வீட்டுல யாராவது எழுதித் தருவாங்களா" என்று கேட்டாள். எழுத வரும் என்று நான் சொன்ன சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கட்டம் கொசுவுக்குப் போட்ட கட்டம், என் எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் அளவு. ஒரு நோட்டு வாங்கினேன், அளப்பதற்குச் சமையலறை அளவு ஜாடியை எடுத்துக்கொண்டேன். எழுத ஆரம்பித்தால் கை நிற்கவில்லை. காலை ஆறு மணி, எழுபது மில்லி, தெருவில் ஒரு நாய் தும்மியது. எட்டு மணி, அறுபது மில்லி, அம்மா கதவைத் தட்டி இன்னும் எழுதுகிறீர்களா என்றாள். பகல் முழுவதும் தண்ணீர் குடிக்கவில்லை, வேலைக்குப் போனேன். வேலைக்குப் போனால் ஏன் குடிப்பதில்லை என்றும் எழுதினேன். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கக்கூஸிலேயே நிற்கிறவன், ஆனால் அதை நான் உபயோகிக்கட்டுமா என்று கேட்க வெட்கம், கேட்டாலும் தண்ணீர் வராது, வால்வை மூடியதே நான்தான்.

டாக்டரம்மா அதைச் சத்தமாகவே படித்தாள், நர்சும் வந்து நின்று கேட்டாள், ரெண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரிப்பு. ஆறாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மிச்சம் இருக்கிறது என்று மறுபடி கூப்பிட்டது, என்று எழுதியிருந்தேன். அதற்குக் கட்டத்தில் இடமே கிடையாது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். பார்த்தால், போய்விட்டு வந்த பிறகும் உள்ளே இருநூறு மில்லி நிற்கிறது. என் வயது ஆண்களுக்கு அடியில் ஒரு சுரப்பி பெரிதாகி மூத்திரப்பையின் கழுத்தை அமுக்குமாம், பை முழுதாகக் காலியாகாதாம், தேங்கியதில் கிருமி வளருமாம். அரைகுறையாய்ப் போட்ட மாத்திரைகளால் அந்தக் கிருமிக்குப் பழைய மருந்து பழகியும் போயிருந்ததாம். நான் சொன்னேன், அடியில் தண்ணி நிற்கிற தொட்டிக்கு மேலே எத்தனை மருந்து கொட்டினாலும் பாசி பிடிக்கத்தான் செய்யும் என்று. இதை நான் மற்ற நோயாளிகளுக்கும் சொல்லட்டுமா என்று கேட்டாள். தாராளமாய்ச் சொல்லுங்கள் என்றேன். புது மாத்திரையைக் கடைசி ஒன்று வரை விழுங்கினேன், கழுத்து இளகுவதற்கு வேறு ஒன்று தினமும் போடுகிறேன். இப்போது புதுக் குழாய் மாதிரி இருக்கிறேன்.

இனி உன் சேதி. அந்த நோட்டை அம்மாவுக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சிரித்தவள் வேலைக்குப் போனதால் தண்ணீர் குடிக்கவில்லை என்ற இடத்தில் சிரிக்கவில்லை. "உங்க மகளும் இதையேதான் சொல்றா" என்றாள். பிறகு எல்லாம் வந்துவிட்டது. துறைமுகத்தில் உன் கிரேன் நூற்றுப்பத்துப் படி உயரம், நடுவில் இறங்க முடியாது என்று நீ தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவது, இந்த வருடம் மூன்று தடவை எரிச்சல் வந்தது, கூட வேலை செய்கிறவளின் மிச்ச மாத்திரையைப் போட்டது. அம்மாவைத் திட்டாதே, அஞ்சு மாதம் ஒரு ரகசியத்தை வைத்திருந்தது அவளுக்கு அதிகம். சின்ன வயதில் என் ஏணியை நீதான் தூக்கி வருவாய், என் டப்பா வைத்தியத்தையும் சேர்த்தா தூக்கிப் போக வேண்டும்?

போனில் நாம் ரெண்டு பேரும் இதைப் பேசியிருக்கவே மாட்டோம். நாக்குக்குக் கூச்சம் உண்டு, பேனாவுக்கு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. உன்னைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள். பெண்களுக்கு வழி சின்னது, கிருமி சுலபமாய் ஏறிவிடும், அடக்கி வைப்பதும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்திருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம், மூன்று தடவை வந்தால் ஏன் வருகிறது என்று சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். காய்ச்சலோ நடுக்கமோ விலாவில் வலியோ வந்தால், ரத்தம் கலந்து போனால், அன்றைக்கே போக வேண்டும், லீவு நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, "அசுத்தமா இருக்கறதால வர்றதுன்னு நினைச்சு வெட்கப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள், அதை உனக்காக அங்கேயே எழுதிக்கொண்டேன். உன் சூப்பர்வைசர் இறங்க விடமாட்டார் என்றாயாம். டாக்டர் சீட்டைக் காட்டிக் கேள். அத்தனை பெரிய கப்பலைத் தாங்குகிற கடல் இன்னும் பத்து நிமிடம் தாங்கும். நானே இப்போது கேட்டுப் பழகிவிட்டேன், நேற்று வேலைக்குப் போன வீட்டில் சாமான் பையைத் திறப்பதற்கு முன்னால் கக்கூஸ் எங்கே என்றேன், "அதைப் பாக்கத்தானே உங்களை வரச் சொன்னோம்" என்றார்கள், விளக்கிச் சொல்வதற்குள் அவசரமாகிவிட்டது.

அத்தைக்கு முழங்கால் தேவலை. மாடி வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இந்தக் கடிதத்தோடு என் நோட்டையும் அனுப்புகிறேன். மிச்சப் பக்கங்களில் உனக்காக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன், நேரம், குடித்தது, போனது, நாய் தும்மினால் எழுத அகலமாய் ஒரு கட்டம். அதை எனக்குத் திருப்பி அனுப்பாதே, அங்கே டாக்டரிடம் காட்டு. நல்ல மாத்திரை தந்தால் கடைசி வரை போடு, டப்பா வைக்காதே. எனக்கு ஒரே ஒரு வரி எழுது, டாக்டரிடம் போனேன் என்று, செங்கல் அளவு எழுத்தில். இதுவரை நீ எழுதியதையெல்லாம் அம்மா படிக்கத்தான் கேட்டிருக்கிறேன். நானே பிரித்து நானே படிக்கப்போகிற முதல் கடிதம் அது. நாளையிலிருந்து தபால்காரரை வாசலில் நின்று பார்ப்பேன்.

நோய்நொடி இல்லாமல், வேண்டும்போது ஏறி வேண்டும்போது இறங்கி, நூறு வருடம் நன்றாக இரு.

அளவு ஜாடி இனிமேல் சமையலறைக்குள் வராது என்று உன்னிடம் சொல்லச் சொல்கிறாள் அம்மா.

ரேகை வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா