அலமேலு பெயரை நீக்கக் கொடுத்த மனு

12.9.91, வியாழன்.

பதினோரு வருஷம் கழித்து என் பெண்டாட்டி அலமேலுவை இன்றைக்குத் தாலுகா ஆபீசில் பார்த்தேன். மணிமங்கலத்தில் தம்பி வீட்டோடு இருந்தவள் இப்போது தனியாகச் சமைக்கிறாளாம். தனி ரேஷன் கார்டு வேண்டுமாம். அதற்கு என் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கச் சொல்லி நான் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

கிளார்க் கைநாட்டு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். வேண்டாம், எழுதுகிறேன் என்றேன். ராத்திரிப் பள்ளியில் ஆறு மாதமாகப் பழகிய கை. குனிந்து எழுதிக் கொடுத்தேன்.

"பெரியவரே, உம்ம பேரு அலமேலுவா?" என்று சிரித்தார். சிலேட்டில் நான் அதிகம் எழுதியது அந்தப் பெயரைத்தான். கை அதிலேயே போய்விட்டது. மனு செல்லாது என்று கிழித்துப் போட்டார்.

"வேணும்னே பண்றியாய்யா?" என்றாள் அலமேலு. "கூட இருந்தப்ப ஒரு நாளு பேரு சொல்லிக் கூப்ட்டுக்கிறியா? ஏய், ஏய்னுதானே. இப்ப எழுதி இன்னா ஆவப்போது?"

உண்மைதான். அவள் போன அன்று காலையிலும் "ஏய், போறதுன்னா போ" என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்துவிடு என்று கேட்கத்தான் சவரம் செய்துகொண்டு போயிருந்தேன். வாயில் வந்தது, "பஸ்சுக்கு நேரமாவுது பாரு."

"திங்கக்கெழம வேற மனு வாங்கினு வர்றேன். கட்ட வெரல வையி, போதும்."

கார்டை எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே அவள் பெயர். திங்கட்கிழமை வரைக்கும் இருக்கும்.