துரைசாணியின் நாலாவது காம்பு

லாலாகுடா, 20 ஆகஸ்ட் 1976

வெற்றி! துரைசாணிக்குக் கோமாரி இறங்கிவிட்டது. வாய்ப்புண் ஆறி, இன்று என் சட்டைக் காலரைத் தின்றாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரலாற்றிலேயே ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவைத் தனியொருவனாக எமனிடமிருந்து பிடுங்கியவன் இந்த தேவராஜ்தான். (மங்கை அக்கா கஞ்சி ஊட்டினாள், குளம்பு கழுவினாள். அதெல்லாம் சில்லறை வேலை.)

ஒன்றுதான் குறை. அம்மன் வந்த உடம்பு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை மடியைத் தொடக்கூடாது என்று அக்கா கறக்கவே இல்லை. கன்றையும் அடுத்த வீட்டில் கட்டியாயிற்று. கொட்டகை முழுக்க வேப்பிலை.

24 ஆகஸ்ட்

தண்ணீர் ஊற்றினோம். அக்கா கறக்க உட்கார்ந்தாள். பின்பக்கம் இடது மடி கல்லாக இருக்கிறது. இட்லிப் பானைச் சூடு. வந்தது பால் இல்லை — மஞ்சள் தண்ணீர், நடுவே தயிர்க்கட்டி.

அக்கா வீட்டுக்காரர் புருஷோத்தமன் மச்சான் எட்டிப் பார்த்தார். "மடி போச்சுன்னா வச்சுப் பூஜையா பண்றது? அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை சந்தைக்கு ஓட்டிடுறேன்."

மடி போன மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

25 ஆகஸ்ட்

மாட்டு டாக்டர் யாதகிரியைச் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிவந்தேன். யானைமேல் ஊர்வலம் என்றே சொல்லவேண்டும். தமிழ், தெலுங்கு, உருது மூன்றையும் ஒரே வாளியில் கலக்குபவர்.

"வைரஸ் போயிந்தி. ஆனா உடம்போட காவலை அடிச்சுட்டுப் போயிருக்கு. உங்க ரயில்வே ஒர்க் ஷாப் மெயின் கேட்ல தகராறுன்னு வச்சுக்குங்க, வாட்ச்மேன் எல்லாம் அங்க ஓடிட்டான். பின் கேட்ல திருடன் வந்தா யாரு புடிக்கிறது? காம்புல கொப்புளம் உடைஞ்ச புண்ணு, அதான் பின் கேட். உள்ள கறக்காத பாலு, கிருமிக்கு தாவத், விருந்து!"

"கறந்திருக்கணுமா?" என்றாள் அக்கா.

"ஹவ், ஆமா. காய்கு? ஏன் விட்டீங்க?"

"அம்மன்..."

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "வேப்பிலை இருக்கட்டும்மா. பாலு மட்டும் தேங்கக்கூடாது."

காம்புக்குள் டியூப் மருந்து ஏற்றினார். நல்ல காம்புகளை முதலில், கெட்டதைக் கடைசியில், அடிக்கடி கறக்க உத்தரவு.

26 ஆகஸ்ட்

கறக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். ஒரே உதை. அடுத்த பேட்டை மெட்டுகுடாவைத் தாண்டி விழுந்தேன்.

27 ஆகஸ்ட்

அக்கா கைக்கு மட்டுமே துரைசாணி நிற்கிறாள், நடுங்கிக்கொண்டு. "வலிக்குதுடி, தெரியுது, நான்தான் பண்ணேன்" என்று விலாவில் நெற்றியை வைத்துப் பேசுகிறாள் அக்கா. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வராதா? எனக்கா?

3 செப்டம்பர்

மூன்று காம்பில் பால் வெள்ளை. நாலாவது வற்றிவிட்டது. "மூணு கியாரண்டி. இது நக்கோ, தேறாது" என்று டாக்டர் கையை விரித்தார். அந்த மூன்றிலேயே ஹுசேன் சாகர் ஏரியையே நிரப்புவாள் என்று மச்சானிடம் பிரகடனம் செய்தேன். அவர் பேப்பரைத் திருப்பினார்.

11 செப்டம்பர், சனி

சந்தை நாள். எழுந்து பார்த்தால் கொட்டகையில் துரைசாணி இல்லை. வாசலுக்கு ஓடினேன் — மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறாள். கொட்டகைக்குள் மச்சான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தரைக்குச் சிமெண்ட் பூசுகிறார்.

"ஈரத்துல படுத்தா திரும்பக் கிருமி ஏறுமாம். யாதகிரி சொன்னாரு."

"உங்ககிட்ட எப்போ சொன்னாரு மச்சான்?"

"நான் போய்க் கேட்டேன். வாயப் பொளக்காம அந்த மணலை அள்ளு."