இனியாவின் விடைத்தாள்

புளியங்கொல்லை,
கறம்பக்குடி வழி.
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செவந்தி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் கை மட்டும் இன்னும் முழுதாக ஆறவில்லை. நீ அனுப்பிய களிம்பைப் போட்டுக்கொண்டு, "சென்னைக் களிம்பு வாசனையாத்தான் இருக்கு" என்று முகர்ந்து பார்க்கிறாள்.

போன வாரம் போனில் "பேசுடி, பேசுடி" என்று கத்தினாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தால் எனக்கு வாய் வருவதில்லை. அதனால் கடிதம். ஒட்டிக் கொடுத்தால் அப்பா பிரிக்க மாட்டார்.

உன் ஆபீஸ் ஆட்கள் நம் ஊருக்கு வந்துபோனார்கள் அக்கா! மாநிலப் பள்ளிக் கல்வித் தர ஆணையம் என்று காரில் பெரிதாக ஒட்டியிருந்தது. எங்கள் அக்கா இங்கேதான் டைப்பிஸ்ட் என்று அவர்களிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. ஏன் என்று கேள்.

முந்தின நாள் நான் முந்திரிக் கொட்டகையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் பெலிக்ஸ் சார் பைக்கை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"செவந்தி, நாளைக்கு ஒரு நா ஸ்கூலுக்கு வாரியா தாயி? ஒங்க அக்கா ஆபீஸ்லேர்ந்து டெஸ்ட் வைக்க வாராங்க. ஒம்பதாம் கிளாஸ்ல நம்ம இனியா எடத்துல ஒக்காந்து எழுதிக் குடுத்துரு."

கொட்டகைக்காரர் சோலையப்பன் மாமா விடுவாரா? "ஏன் சார், படிக்கிற புள்ள ஒண்ணும் ஒங்க ஸ்கூல்ல இல்லையா? எங்க கொட்டகையிலதான் இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

நம் பள்ளிக்கூடத்தில் இது புதிதில்லையே. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள். நீ எட்டாவது படித்தபோது உன்னையே பத்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அம்மாவும், "பொண்ணு பாக்க வாரவுகளுக்கு ஒழுகுற எடத்துலயா பாய் விரிப்பாக? போயிட்டு வா" என்றாள்.

இனியாவுடைய யூனிஃபார்ம் எனக்குக் கை கட்டையாக இருந்தது. என் விரலெல்லாம் கொட்டை ஓட்டில் கசியும் முந்திரிப் பால் பட்டு வெந்து கறுத்திருக்கிறதே, அதைப் பார்த்து சார், "யாராச்சும் கேட்டா மருதாணின்னு சொல்லிரு" என்றார். இனியாவுக்குத்தான் பெரிய சந்தோஷம். "நல்லா எழுதுடி. எங்கப்பன் ஒரு தடவையாச்சும் என் மார்க்கப் பாத்து மயங்கி விழணும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"மறக்க முடியாத ஒரு நாள்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, தாள் போதவில்லை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "உன் பெயர் என்னம்மா?" என்றார். "இனியா" என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

ஆடிப்பெருக்குக்காவது வருவாயா? போன வருடமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை.

உன் பிரியமுள்ள தங்கை,
செவந்தி


சென்னை,
12.7.2025

செவந்திக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் விட்டு வரும் வழியில் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன். என்ன காரியம் செய்துவிட்டு வந்து சிரித்துக்கொண்டு எழுதுகிறாய்!

அது பரீட்சை இல்லை, செவந்தி. அதில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. இந்த ஆணையத்தை அரசு இப்போதுதான் ஏற்படுத்தியிருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு எந்த வகுப்பில் எது தெரிந்திருக்க வேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் ஒரு அளவு வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், இன்றைக்குப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் ஊர் ஊராகப் போகிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கு, வாசிக்கச் சொல்லிக்கொடுக்க மட்டும் தனியாக ஒரு டீச்சர் வருவார். அவர்கள் தேடி வந்ததே இனியாவைத்தான். டாக்டர் வரும் நேரத்தில் நோயாளியைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டு, நல்ல ஆளைக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

பெலிக்ஸ் சாருக்குச் சுற்றறிக்கை வந்திருக்கும். அவர் அதைப் படித்திருக்க மாட்டார். ஆபீஸ் கார் வருகிறது என்றாலே அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன்தான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். இதை யாரிடமும் பேசாதே. நான் இங்கே தற்காலிக ஆள். நீ என் தங்கை என்று தெரிந்தால், நானே ஊருக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்ததாக நினைப்பார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் கை, அப்பாவுக்கு நிலையான வேலை இல்லாதது எல்லாம் உனக்குத் தெரியும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

உன் அக்கா,
கார்த்திகா


புளியங்கொல்லை,
18.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் வைத்த உலை பொங்கி அடங்கி, அம்மா வந்து தலையில் குட்டிய பிறகுதான் சுயநினைவு வந்தது. நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் அக்கா. சத்தியமாக.

நீ பேசாதே என்றாய். ஆனால் இனியாவிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது? அவள் பெயரில்தானே எழுதினேன்.

அவள் முதலில் நம்பவில்லை. பிறகு ஆடுகளைக்கூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப, வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லிருந்தா எனக்குன்னு ஒரு டீச்சர் வந்திருப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கிளாஸ்ல எல்லாரும் படிக்கயில நான் வாய மட்டும் அசைப்பேன்டி. ஒனக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சில்தான் இருந்திருக்கிறேன்.

பெலிக்ஸ் சாரிடமும் போனேன். நான் போய் அவர் முன்னால் நின்று பேசினேன் என்று உனக்கு நம்ப முடிகிறதா? பாதி பேச்சு வெளியே வரவில்லை. அவர் சுற்றறிக்கையைத் தேடி எடுத்தார். நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்துவிட்டு நாற்காலியைத் தடவித் தடவி உட்கார்ந்தார்.

"நம்ம ஸ்கூல் தரமா இருக்கு, டீச்சர் தேவையில்லைன்னு நேத்துதான் தாயி கடுதாசி வந்துச்சு. நான் எல்லாருக்கும் முட்டாயி குடுத்தேன்" என்றார்.

"இப்ப சொல்லலாம்ல சார்?" என்றேன்.

"என்னான்னு சொல்றது? ஆள் மாத்தி ஒக்கார வச்சேன்னா? ரிட்டயர்டு ஆகுற வருசம்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

நீயாவது ஏதாவது வழி சொல்லு அக்கா. அங்கே நல்லவர்கள் யாராவது இருப்பார்களே.

செவந்தி


சென்னை,
3.8.2025

என் செவந்திக்கு,

ஆடிப்பெருக்கு அன்று இதை எழுதுகிறேன். வர முடியவில்லை. வந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்திருக்கவும் முடிந்திருக்காது.

எப்படிச் சொல்வது? ஆணையத்தில் வகுப்புவாரியாக ஒரு மாதிரி விடைத்தாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இந்த அளவுக்குத் தமிழ் எழுத வேண்டும் என்று எல்லாப் பள்ளிக்கும் அச்சடித்து அனுப்பப் போகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மாதிரியை என் மேஜையில் வைத்து டைப் செய்யச் சொன்னார்கள். மேலே இனியா என்று பெயர். கீழே கட்டுரை முழுக்க நீ எழுதிய எழுத்து. டைப் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. நீ எழுதியிருந்தது. அதை நானே என் விரலால் டைப் செய்தேன்.

"என் தோழி செவந்தி பள்ளிக்கு வராமல் நின்ற நாள்தான் எனக்கு மறக்க முடியாத நாள். அவள் அம்மாவின் கை முந்திரிப் பாலில் வெந்துவிட்டது. வீட்டிலிருந்து ஒருத்தி கொட்டகைக்குப் போக வேண்டும். அவள் அக்காவுக்குக் காலேஜில் கடைசி வருடம். அதனால் செவந்தி தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று பொய் சொன்னாள். அன்று காலையில் பள்ளிக்கூடத்து மணி அடித்தபோது அவள் கையில் ஒரு கொட்டை இருந்தது. மணி ஓயும்வரை அதை உடைக்காமல் வைத்திருந்தாள்."

எனக்கு இது தெரியாது, செவந்தி. நீ பொய் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் உன்னைச் சோம்பேறி என்று திட்டினேன். ஹாஸ்டலில் எல்லோரிடமும் என் தங்கைக்குப் படிப்பில் ஆர்வம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இனியா பெயரை எழுதிக்கொண்டுதான் உன்னால் இதைச் சொல்ல முடிந்ததா?

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள். ஆகஸ்ட் 14 அன்று புதுக்கோட்டையில் ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டம். அந்தக் கட்டுரையை இனியாவே மேடையில் வாசிக்க வேண்டும் என்று தலைவி மேடம் விரும்புகிறார். உன் பக்கத்தில் வந்து நின்றாரே, கண்ணாடி போட்டவர், அவர்தான். இனியாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடச் சொல். குறிப்பெடுக்க நானும் வருகிறேன். நீ அங்கே வராதே. வந்தாலும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. டிசம்பரில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் மட்டும்.

கார்த்திகா


புளியங்கொல்லை,
17.8.2025

அக்காவுக்கு,

நீ சொன்னபடி இனியாவிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள். "ஒரு தடவ ஒளிஞ்சதுக்கே இந்தக் கெதி. இன்னொரு தடவையா? நான் போறேன். நீயும் வா. நீ இல்லாட்டி நான் சொல்றத எவன் நம்புவான்?" என்றாள். அதனால் வந்தேன். உன் பேச்சை மீறவேண்டும் என்று வரவில்லை.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பெலிக்ஸ் சாருக்குத் தெரியாது. அவர் பத்து நாளாக அந்தக் கட்டுரையை வாசித்து வாசித்து அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்திருந்தார். பஸ்ஸில் வரும்போதும் ஒப்பிக்கச் சொன்னார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பித்தால் வாசிப்பது போலவே இருந்தது. நானே ஏமாந்திருப்பேன்.

மேடையில் நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ தலை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாய். எவ்வளவு பார்த்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

இனியா பாதிவரை தடங்கல் இல்லாமல் சொன்னாள். "தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று பொய் சொன்னாள்" என்ற இடத்தில் நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தாளை மடித்தாள்.

"மிச்சமும் சொல்லுவேங்க, மனப்பாடம். ஆனா எனக்கு இதுல ஒரு வரி வாசிக்கத் தெரியாது. நான் எழுத்துக் கூட்டுற ஆளு. எழுதுனவ அங்கிட்டு நிக்கிறா, பச்சத் தாவணி. எங்க ஸ்கூலுக்கு டீச்சர் வேணுங்க."

தலைவி அம்மா மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார். எப்படி நடந்துபோனேன் என்று தெரியவில்லை.

"நீ எந்தப் பள்ளிம்மா?"

"பள்ளிக்கூடம் இல்லைங்க. முந்திரிக் கொட்டகை."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "மாநிலத்துக்கே ஒன்பதாம் வகுப்புன்னா இதுதான் அளவுன்னு அச்சடிச்சு வச்சிருக்கோமே" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பினார். "கார்த்திகா, உனக்கும் இந்தப் பக்கம்தானே? இந்தப் பொண்ணைத் தெரியுமா?"

நீ தலை நிமிர்ந்தாய். என் முகத்தைப் பார்த்தாய்.

"தெரியாது மேடம்" என்றாய்.

நீ என்னிடம் முன்பே சொல்லித்தான் இருந்தாய். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று. நான் அதைப் படித்து, சரி என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் படிப்பது வேறு, அந்தக் குரலில் கேட்பது வேறு. சின்ன வயதில் கூட்டத்தில் என்னை யாராவது பெயர் கேட்டால் நான் உன் பின்னால் ஒளிந்துகொள்வேன், நீதான் "எந் தங்கச்சிங்க, பேரு செவந்தி" என்று சொல்வாய். அன்றைக்கும் நீ சொல்லிவிடுவாய் என்று ஒரு நிமிடம் காத்துக்கொண்டு நின்றேன்.

நல்ல செய்தியும் இருக்கிறது. வீட்டில் உட்கார வைத்த எல்லாப் பிள்ளைகளையும் வைத்து மறுபடி பார்க்கப் போகிறார்கள். டீச்சர் வருவார். பெலிக்ஸ் சாரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இனியாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கு இனியாவோடு ஒன்பதாம் வகுப்பில் இடம் தரச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. அப்பா அன்று கறம்பக்குடியிலிருந்து பூந்தி வாங்கிவந்தார். அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் பொய் சொன்னது அவளுக்கும் தெரியாதாம்.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அப்போது நீ காரில் ஏறிவிட்டாய். கட்டுரை அவர் கையில் இருந்தது.

"இதில் உனக்கு ஒரு அக்கா இருப்பதாக எழுதியிருக்கியே. அவ காலேஜ் முடிச்சிட்டாளா?"

"முடிச்சிட்டாங்க. சென்னையில வேலை பாக்குறாங்க."

"எந்த ஆபீஸ்ல?"

"தெரியாதுங்க" என்றேன்.

நம்பிவிட்டார். உன் வேலைக்கு ஒன்றும் வராது.

செவந்தி